கல் பறக்கும்

நம் விமர்சனக் கட்டுரைகளில் தவறாமல் வந்துபோகும் ஒரு ஆசாமி உண்டு. வாசகன். தேர்ந்த வாசகன், சராசரி வாசகன், லட்சிய வாசகன் என்று அவனுடைய அடைமொழிகள் மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். அவன் எப்போது, எந்த இடத்தில் வாசகன் ஆனான் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அச்சடித்த பக்கத்தின்முன் குனிந்த நிலையிலேயே பிறந்துவிட்டவன்போல அவனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு கவிதையை அவன் எப்படிப் படிக்க வேண்டும் என்பது குறித்து நம்மிடம் ஏகப்பட்ட அபிப்பிராயங்கள். 'ப' என்ற எழுத்தை அவன் எப்படிப் படித்தான் என்பது குறித்து ஒன்றும் இல்லை. அது ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளின் சமாசாரம் என்று விட்டுவிட்டோம்.

எனக்கு இந்தக் கேள்வி புத்தகங்களிலிருந்து வரவில்லை. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியின் கவுண்டரிலிருந்து வந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் திங்கட்கிழமை வரிசையில் நிற்பார்கள். அவர்கள் நீட்டும் செலான்களில் கைநாட்டு குறைந்து வருகிறது, கையெழுத்து கூடிவருகிறது. முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அல்ல என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். பிசிறு வெட்டும் வேலைக்குப் போகும் ஒரு அம்மாள் மாதாமாதம் வருவார். அவர் பெயரில் இரண்டு மெய்யெழுத்துகள். அவர் முதலில் அந்த இரண்டு புள்ளிகளையும் வைத்துவிடுவார். பிறகு இடைவெளியை அளந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்துவார். கோலம் போடுகிறவர் கை அது. கணினித் திரையிலுள்ள மாதிரிக் கையெழுத்தோடு அச்சுப் பிசகாமல் பொருந்தும். அதே எழுத்துகளை வேறு வரிசையில் எழுதி நீட்டினால் அவருக்கு அது இன்னொரு கோலம், அவ்வளவுதான்.

இந்த அம்மாளை அரசாங்கம் எந்தக் கணக்கில் சேர்த்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர், ஏதாவது ஒரு பாஷையில் புரிதலோடு படிக்கவும் எழுதவும் முடியுமானால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இலக்கணம். இந்த வயது வரம்பு 1991 முதல் இருந்து வருகிறது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 80 பேர். 'புரிதலோடு' என்ற சொல்லை அந்த வாக்கியத்தில் வைத்தவர் யாராக இருந்தாலும் புத்திசாலி. ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் பரீட்சை வைப்பதில்லை. படிக்கத் தெரியுமா என்று கேட்கிறார், தெரியும் என்றால் எழுதிக்கொள்கிறார். புரிதல் அந்தக் கட்டத்துக்குள் அகப்படாமல் நழுவிவிடுகிறது.

அது எங்கே எப்போது நழுவத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கச் சென்ற ஆண்டு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. என் கொழுந்தியாள் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். கற்பித்தல் பயிற்சிக்காகத் திருமுருகன்பூண்டியில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். பள்ளியோடு ஒட்டிப் பாலர் வகுப்புகளும் உண்டு. அங்கே ஐந்தைந்து பிள்ளைகளாக வராந்தாவில் பாயில் உட்கார வைத்து வாசிப்புக்கு முதல் படி ஏற்றுவது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. அந்தப் பள்ளியில் சனிக்கிழமையும் பாதி நாள் வகுப்பு. தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தூணோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எழுத்தட்டைகளுக்கு வேண்டிய கனத்த தாள் என் சப்ளை. வங்கியின் பழைய மாத நாட்காட்டி, பின்பக்கம் வெள்ளை.

பூண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கிறது. பழைய சிவன் கோயில். சாலையோரம் சிற்பக்கூடங்கள். உளிச் சத்தமும் கல்லை அறுக்கும் மெஷின் சத்தமும் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். மற்றபடி பனியன் தொழில்தான். கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று பெற்றோர் ஒன்றரை ஷிப்டு போய்வரும் வீடுகளின் பிள்ளைகள். லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள். வராந்தாப் பாயில் இவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பலருக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே எஸ், எம், எல், எக்ஸ்எல் தெரிந்திருந்தது. கழுத்துப் பட்டி லேபிள்தான் அவர்களுடைய முதல் அரிச்சுவடி.

படம் போட்ட அட்டை வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது சுலபம் என்று பொதுவாக எண்ணம். உயிரெழுத்து வரிசையில் 'உ'வுக்கு உரல். ஒரு பையன் அந்தப் படத்தைப் பார்த்து 'ஆட்டாங்கல்லு' என்றான். அவன் சொன்னதில் பிழை கிடையாது; அவன் பாட்டி வீட்டில் இருப்பது அதுதான். ஆனால் அதனால் 'உ' அவனுக்கு 'ஆ' ஆகிவிட்டது. அட்டையைக் காட்டும்போதெல்லாம் திருப்தியாக 'ஆ' என்றான். அவன் படத்தைப் படித்தான். எழுத்து, படத்தின் பக்கத்தில் ஒரு பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் என் கொழுந்தியாள் படங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டாள். மறுவாரம் அட்டைகளில் எழுத்து மட்டும் இருந்தது. பாதிப் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

தமிழ் எழுத்தின் சிரமம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. 247 என்று பயமுறுத்துவது பழைய பழக்கம். உண்மையில் குழந்தை தெரிந்துகொள்ள வேண்டிய வடிவங்கள் அதைவிடக் குறைவு. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் சீர்திருத்தங்களில் ஒரு பகுதியை ஏற்றபோது 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் ஒழிந்தன. 'னை'க்கு என் தாத்தா கடிதங்களில் இருந்த தும்பிக்கை இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் கொம்பு இருக்கிறது. 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம், ஒலியோ ககரத்துக்குப் பின். கண் முதலில் காண்பதை வாய் பின்னால் சொல்ல வேண்டும். 'கொ' இன்னும் மோசம். ஒரே ஒலியின் அடையாளம் எழுத்துக்கு முன்னும் பின்னும் காவல் நிற்கிறது. நாம் இதையெல்லாம் மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, நம்முடையதைப் போன்ற எழுத்து முறைகளில் எழுத்துப் பரிச்சயமே முதல் சில வகுப்புகளையும் தாண்டி நீள்கிறது என்று காட்டியது. இருபத்தாறு எழுத்துக்காரர்களின் கால அட்டவணையை நம் பாலர் வகுப்புகள்மேல் திணிப்பது அபத்தம். ஆனால் பெற்றோர் கேட்கிறார்கள், பள்ளிகள் கொடுக்கின்றன.

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் இரண்டு பிள்ளைகள் என் கவனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கல்தச்சர் வீட்டுப் பெண். வாயாடி. கதை சொன்னால் பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுவாள். எழுத்தட்டையில் மட்டும் தடுமாறுவாள். ஒரு சொல்லுக்கு மூன்று எழுத்து என்றால் மூன்றாவதுக்கு வருவதற்குள் முதல் எழுத்து நினைவிலிருந்து போய்விடும். இன்னொருவன் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். பேசவே மாட்டான். ஆனால் கொம்பு, கால், புள்ளி எதுவும் அவனைத் தடுக்கவில்லை. மூன்று மாதத்தில் எந்த அட்டையை நீட்டினாலும் படித்தான். 'படம்', 'மரம்', 'பட்டம்' எல்லாம் தெளிவாக, ஒரே ஸ்வரத்தில். மரம் எங்கே என்று கேட்டால் அமைதியாகக் கேட்டவர் முகத்தைப் பார்ப்பான். பள்ளி வாசலில் வேப்பமரம் நின்றுகொண்டிருந்தது.

பயிற்சி மாணவிகள் ஒரு ரிகார்டு எழுத வேண்டும். பிள்ளையின் பெயர், பக்கத்தில் மூன்று கட்டங்கள்: எழுத்து அறிதல், சொல் வாசித்தல், வாக்கியம் வாசித்தல். ஒவ்வொன்றிலும் டிக் அல்லது வெற்றிடம். ஒரு நாள் என் கொழுந்தியாள் கேட்டாள்: "ஏனுங் மாமா, நீங்கதான் வாசிப்பு வாசிப்புன்னு எழுதறீங்களே. இவன் வாசிக்கறானா இல்லையா? நான் இப்ப டிக் போடறதா வேண்டாமா?"

கேலி இல்லை, அவளுக்கு அது அவசரமான கேள்வி. டிக் போட்டால் பையன் 'முடித்தவர்கள்' பட்டியலுக்குப் போய்விடுவான். அப்புறம் அவனைப் பாயில் உட்கார வைத்து யாரும் நேரம் செலவழிக்க மாட்டார்கள். அவனுக்கு அர்த்தம் என்ற ஒன்று பாக்கி இருப்பது பதிவிலேயே இருக்காது. அந்தப் பெண்ணோ வெற்றுக் கட்டங்களோடு 'பின்தங்கியவள்' ஆகிவிடுவாள். இருப்பதோ வாரத்துக்குச் சில மணி நேரம். யாருக்கு அதைக் கொடுப்பது என்பதை ஒரு டிக் தீர்மானிக்கிறது.

வாசிப்பு ஆராய்ச்சியில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் சொன்னது. எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, கேட்ட பாஷையை விளங்கிக்கொள்ளும் திறன் ஒன்று; வாசிப்பு என்பது இந்த இரண்டின் பெருக்கல். கூட்டல் அல்ல என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். வங்கிக்காரனுக்கு இது உடனே புரிகிறது. பாயில் உட்கார்ந்திருந்த இருவரும் இந்தச் சூத்திரத்தின் இரண்டு பாதிகள். ஒருத்தியிடம் பாஷை இருந்தது, எழுத்து இல்லை. இன்னொருவனிடம் எழுத்து இருந்தது, பாஷை இல்லை. ரிகார்டு ஒரு பாதியை மட்டும் அளந்துவிட்டு அதற்கு வாசிப்பு என்று பெயர் வைத்தது.

இங்கே ஐ.ஏ. ரிச்சர்ட்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்த நாங்கள் எல்லோரும் பரீட்சைக்காவது தொட்டுப் பார்த்த பெயர். கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த குறிப்புகளைத் திரட்டி 1929இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற புத்தகமாக்கினார். நன்றாகப் படித்த பிள்ளைகள் கவிதையின் நேரடி அர்த்தத்தையே கோட்டை விட்டிருந்தார்கள். நம்மூரில் 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து' பத்திரிகையில் சி.சு. செல்லப்பா வலியுறுத்திய அலசல் முறை விமர்சனத்துக்கு இந்த வழியில் ஒரு பூர்வீகம் உண்டு. நாம் ரிச்சர்ட்ஸை அந்த இடத்தோடு விட்டுவிட்டோம். அவர் அங்கே நிற்கவில்லை. சீனாவுக்குப் போனார், பிறகு ஹார்வர்டுக்கு. கிறிஸ்டின் கிப்ஸனோடு சேர்ந்து 1945இல் படங்கள் வழியே ஆங்கிலம் கற்பிக்கும் சிறு புத்தகம் ஒன்று போட்டார். பிறகு முதல் வாசிப்புக்கு ஒரு பாடநூல். அதில் ஏழே எழுத்துகளை வைத்துக்கொண்டு வாக்கியங்கள் தொடங்கும். தேர்ந்த வாசகர்கள் ஏன் தவறாகப் படிக்கிறார்கள் என்று கேட்ட மனிதர், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் பாலர் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். இதை அவருடைய சரிவு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கொழுந்தியாள் ரிச்சர்ட்ஸைப் படித்தவள் இல்லை. ஆனால் அவள் செய்தது அந்த வகையைச் சேர்ந்ததுதான். மறுவாரம் இரண்டு சொல் வாக்கியங்களாகப் பத்து அட்டைகள் எழுதிக் கொண்டுவந்தாள். 'மரம் வளரும்.' 'ஆடு நடக்கும்.' ஐந்தாவதோ ஆறாவதோ: 'கல் பறக்கும்.'

ஒடியாப் பையன் பத்தையும் படித்தான். 'கல் பறக்கும்' என்பதை 'மரம் வளரும்' என்பதைப் போலவே படித்தான். அவனுக்குத் தமிழ் அட்டைகள் எல்லாமே சம அளவில் உண்மை. அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாக இழுத்தாள். க-ல். ப-ற-க்-கு-ம். இரண்டு முறை ஆரம்பத்துக்குத் திரும்பிப் போனாள். மூன்றாவது முறை முழுதாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நிமிர்ந்து, கோபத்தோடு, "மிஸ், கல்லு பறக்காது மிஸ்" என்றாள். அப்பாவின் பட்டறையில் எட்டுப் பேர் சேர்ந்து சங்கிலி கட்டி நகர்த்தும் கல்லைப் பார்த்தே வளர்ந்தவள். அவளிடம் போய் யாரோ கல் பறக்கும் என்று எழுதிக் காட்டினால் எப்படிச் சும்மா இருப்பாள்?

வாசிப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். எழுத்து தன்னிடம் ஏதோ சொல்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்வது உண்மையாக இல்லாமல் போகலாம் என்பதும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இவை இரண்டும் தனித்தனியாக வருவதில்லை என்று எனக்குப் படுகிறது. மறுக்க முடிந்தவனுக்கே அர்த்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தலையாட்டுவதற்கு அர்த்தம் தேவையில்லை.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளை நினைத்துக்கொள்கிறேன். அங்கே மனப்பாடம் என்பது மூடத்தனம் அல்ல, அது ஒரு தேர்ந்த பயிற்சி என்று எண்சுவடிகளை ஆராய்ந்த செந்தில்பாபு காட்டியிருக்கிறார். நினைவில் நிறுத்திய கணக்கு, சந்தையில் வாழ்க்கையோடு உரசிப் பார்க்கப்பட்டது. நான் மனப்பாடத்தின் எதிரி அல்ல. உரசலே இல்லாத மனப்பாடம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அதற்குப் பூண்டியிலேயே உதாரணம் இருக்கிறது. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு சுந்தரர் இந்த வழியாக வந்தபோது சிவனின் பூதகணங்கள் வேடர்களாக வந்து வழிப்பறி செய்தார்கள் என்பது தலபுராணம். அவர் அப்போது பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. அது துதியே அல்ல. வழிப்பறிக்காரர்கள் நடமாடும் இந்த ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று இறைவனையே நேருக்கு நேர் கேட்கும் புகார். தமிழில் இவ்வளவு தைரியமான மறுப்புகள் அதிகம் இல்லை. அதை இன்று பண்ணோடு, பக்தியோடு, பிசிறில்லாமல் ஓதக் கேட்டிருக்கிறேன். கண்மூடிக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அதில் ஒருவன் கோபமாக இருக்கிறான் என்பது கேட்டிருக்கும்? ஒடியாப் பையன் தனியாள் இல்லை. பாஷை தெரிந்தே அவனைப்போல் படிக்கிறவர்கள் நம்மில் அநேகம்.

பையனை அப்படியே விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. சிற்பக்கூடத்துக் கழிவிலிருந்து ஒரு துண்டுக் கல்லைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். என்ன இது என்று சைகையில் கேட்டாள். நெடுநேரம் கழித்து அவன் தன் பாஷையில் சொன்னான். அதைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். 'பதர' என்று எழுதினால் நடுவிலுள்ள தகரம் மெலிந்து ஒலிக்கும். வல்லினத்தைக் காப்பாற்றத் தமிழில் இருக்கும் வழி இரட்டிப்பதுதான். 'பத்தர' என்று எழுதி நீட்டினாள். அவன் வழக்கம்போல் படித்தான். படித்துவிட்டு நின்றான். அட்டையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டி, எழுதியிருந்தபடி அல்லாமல், மூச்சுக் கலந்த அந்தத் தகரத்தோடு தன் வீட்டில் சொல்லும் விதமாகத் திருத்திச் சொன்னான். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. அந்த வகுப்பில் அவன் செய்த முதல் ஆட்சேபம் அது.

இப்படி ஒரு முறை உலகத்துக்குப் புதிதல்ல. நியூஸிலாந்தில் மாவோரிக் குழந்தைகளோடு வேலை செய்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பாடநூல் சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு மிக வேண்டிய சொல்லைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். பயமும் ஆசையும் கலந்த அந்தச் சொற்களைக் குழந்தைகள் ஒரே பார்வையில் படித்துவிட்டன என்று 1963இல் வந்த தன் 'டீச்சர்' நூலில் எழுதினார். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 'செங்கல்' போன்ற, தொழிலாளியின் கை தொட்ட சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்துக் கற்பித்தார். 1964 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அவரைச் சிறையில் போட்டார்கள். செங்கல் என்ற சொல்லில் என்ன அபாயம் என்று கேட்கலாம். படிக்கிறவனுக்குத் தெரிந்த பொருளைப் பற்றி எழுத்து பேச ஆரம்பித்தால் அவன் பதிலுக்குப் பேசுவான் என்பதுதான்.

பள்ளியில் யாரும் சிறைக்குப் போகவில்லை. வகுப்பாசிரியை 'பத்தர' அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தமிழ்ப் பாடத்துல இதையெல்லாம் எழுதினா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து கேட்டா யார் கண்ணு பதில் சொல்றது?" அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது பிள்ளைகள். அடுத்த ஆண்டு அவர்கள் ஒன்றாம் வகுப்பு. அங்கே 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்து அவரவர் நிலையிலிருந்து தொடங்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் எந்த நிலைபிரிப்பும் யாரோ ஒருவர் போட்ட டிக்கை நம்பித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

பையனின் தாயும் ஒரு நாள் வந்தார். செக்கிங் வேலை, இரவு ஷிப்டு முடித்த கண்கள். மகன் பஸ் போர்டு படிக்கிறான் என்று கொச்சைத் தமிழில் பெருமையோடு சொன்னார். 'அவிநாசி' என்றும் 'திருப்பூர்' என்றும் அவன் படித்தால்தான் அவர் சரியான பஸ்ஸில் ஏற முடிகிறது. ஊர்ப் பெயருக்கு அர்த்தம் தேவையில்லை, ஒலி போதும். என் கவுண்டருக்கு வரும் அம்மாளின் கையெழுத்தைப் போல. வாழ்க்கை இந்த மக்களிடம் முதலில் கேட்பது பெயர்களைத்தான்: கையொப்பம், பஸ் போர்டு, ரேஷன் அட்டை. அர்த்தத்தைப் பற்றிக் கவலைப்படுவது மாதச் சம்பளக்காரனின் சௌகரியமோ என்று அன்று தோன்றியது. இப்போதும் அந்தச் சந்தேகத்தை முழுதாக ஒதுக்கவில்லை. ஆனால் அதே தாயின் பெயரில் கம்பெனி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளைப் பஸ் போர்டு படிப்பதுபோல் படித்தால் போதாது.

கற்றுக்கொண்டிருப்பவளே கற்பிப்பது என்ற இந்த ஏற்பாட்டுக்கும் நம் ஊரோடு சம்பந்தம் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்த ஆரம்பித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் அரிச்சுவடி வகுப்பை ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். வேலை நடந்தது. 1797இல் லண்டனில் இதை வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறினான். இங்கிலாந்தில் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்துச் சிக்கனமாக மேய்க்கும் யந்திரம் ஆனது வேறு கதை. ஆனால் பெல் மணலில் கண்டது சிக்கனம் மட்டுமல்ல. சமீபத்தில் கற்றவனுக்குத்தான் எங்கே தடுக்கியது என்பது ஞாபகம் இருக்கும். கொம்பு எந்தப் பக்கம் என்பது இருபது வருஷம் பாடம் எடுத்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் கொழுந்தியாளுக்கு அது தெரிந்ததற்கு, அவள் இன்னும் ஆசிரியை ஆகி முடிக்காதது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரிகார்டில் அவள் மூன்று கட்டங்களையும் இரண்டு பிள்ளைகளுக்கும் காலியாக விட்டாள். குறிப்பு என்ற இடத்தில் பெண்ணுக்கு எதிரே 'கல் பறக்கும் என்ற வாக்கியத்தைப் படித்து, பறக்காது என்று மறுத்தாள்' என்றும், பையனுக்கு எதிரே 'தமிழ் எழுத்தில் எழுதிய தன் தாய்மொழிச் சொல்லைப் படித்து உச்சரிப்பைத் திருத்தினான்' என்றும் எழுதினாள். வழிகாட்டி ஆசிரியர் இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் சுழித்து, 'எந்த நிலை? குறிப்பிடவும்' என்று எழுதித் திருப்பிவிட்டார். அவளுக்கு மதிப்பெண் வேண்டும். பெண்ணுக்குச் 'சொல் வாசித்தல்' வரை டிக் போட்டாள். பையனுக்கு எழுத்தோடு நிறுத்திக்கொண்டாள். கட்டங்களுக்குள் அவளால் செய்ய முடிந்த நியாயம் அது. அதனால் அவனுக்கு இன்னும் ஒரு மாதம் பாயில் இடம் கிடைத்தது. 'மரம்' என்றால் வாசலைக் காட்டும் அளவுக்கு வந்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வரவில்லை. அவனுடைய தமிழ் எழுத்துகள் ஒடிசாவில் எந்தப் போர்டையும் படிக்க உதவாது. அங்கே அவன் வட்ட வட்டமான வேறு எழுத்துகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் கோடுகளுக்குள் தன் வீட்டுச் சொல் உட்கார முடியும் என்பதும், அது சரியாக உட்காரவில்லை என்றால் சொல்லலாம் என்பதும் அவனுக்கு ஒரு முறை தெரிந்திருக்கிறது. அதை இன்னொரு தடவை தொடங்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் இப்போது ஒன்றாம் வகுப்பு. வாசிப்பில் இன்னும் மெதுதான் என்கிறார்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாளாம்.